பச்சைச் சிப்பியும் நியூயார்க்கின் சாக்கடையும்

கடலுணவு விடுதிகளின் மெனுவில் சிப்பிக்கு மட்டும் ஒரு தனி மரியாதை உண்டு. மீனும் இறாலும் எந்தக் கடலில் பிடித்தவை என்று பெரும்பாலும் யாரும் எழுதிவைப்பதில்லை. பச்சையாகப் பரிமாறும் சிப்பிக்கு மட்டும் ஊர்ப்பெயர் போட்டிருப்பார்கள். காஃபின் பே, தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு விரிகுடா. புளூ பாயிண்ட், நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஒரு கடற்கரை ஊர். குமாமோட்டோ ஜப்பானில். முதன்முதலாகப் பச்சைச் சிப்பி தின்ன என்னுடன் வந்த நண்பன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, பாஸ்போர்ட்டோட வந்திருக்கா?" என்று கேட்டான்.

கிட்டத்தட்ட அப்படித்தான்.

தட்டு வந்ததும் அவன் கேட்டது எல்லாரும் கேட்பதுதான்: "மெல்லணுமா, அப்படியே முழுங்கணுமா?" மெல்ல வேண்டும். முழுங்கினால் குளிர்ந்த உப்புத்தண்ணீர் தொண்டையில் இறங்கியது மட்டும்தான் தெரியும். நாலு கடி கடித்தால் உப்புக்குப் பின்னால் லேசான இனிப்பு வரும், அதற்கும் பின்னால் காசை நாக்கில் வைத்ததுபோல ஓர் உலோக ருசி. அவன் முதல் சிப்பியை முழுங்கினான், இரண்டாவதை மென்றான், மூன்றாவதைத் தொடவில்லை. இடையில், "இது உயிரோடவா இருக்கு?" என்று கேட்டு, ஆமாம் என்று தெரிந்துகொண்டுவிட்டான்.

இந்தத் தயக்கம் நமக்குப் பழகியதுதான். கெராங்கைக்கூட ரப்பர் மாதிரி ஆகும்வரை வேகவைத்தால்தான் நம் அம்மாக்களுக்கு நிம்மதி. அங்காடிக் கடையில் முட்டையோடு பொரித்துத் தரும் ஓ லுவாக்கில் இருப்பதும் சிப்பிதான், ஆனால் அது சூடான கல்லில் புரண்டு வந்தது. பச்சையாகத் தின்பது வேறு சங்கதி. மீனுக்குக் குடலை எடுத்துக் கழுவுகிறோம். இறாலின் முதுகில் ஓடும் கறுப்புக் குழாயை உருவுகிறோம். சிப்பியை மட்டும் அதன் வயிறு, குடல், குடலுக்குள் கிடப்பது என்று முழுசாக உள்ளே தள்ளுகிறோம். அது எதைத் தின்றதோ அது நமக்கும் வருகிறது.

சிப்பி இரை தேடிப் போவதில்லை. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு தண்ணீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்பாசிகளை வடிகட்டித் தின்றுவிட்டு மிச்சத்தை வெளியே விடுகிறது. வளர்ந்த சிப்பி ஒன்று எல்லாம் தோதாக இருந்தால் ஒரு நாளில் 190 லிட்டர் வரை வடிகட்டும் என்கிறார்கள். தண்ணீரில் கிருமி இருந்தால் அதுவும் வடிகட்டியில் தங்கும். (சிப்பி என்றதும் முத்து ஞாபகம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விலையுயர்ந்த முத்தைத் தரும் சிப்பி வேறு குடும்பம். தட்டில் வருவது அதற்குத் தூரத்துச் சொந்தம். கடிக்கும்போது பல்லில் ஏதாவது தட்டுப்பட்டால் அது ஓட்டுச்சில்லாகத்தான் இருக்கும்.)

ஆக, ஒரு பச்சைச் சிப்பியைத் தின்பது அது வளர்ந்த தண்ணீரைக் குடிப்பது மாதிரி. மெனுவில் ஊர்ப்பெயர் போடுவது அந்தத் தண்ணீருக்கு உத்தரவாதம் சொல்வது. அந்த மெனுக்களில் இன்று காணக் கிடைக்காத ஒரு பெயர் உண்டு. ஒரு காலத்தில் சிப்பிக்கே பெயர்போன துறைமுகம் அது: நியூயார்க்.

ஹட்சன் ஆறு கடலில் கலக்கும் இடம் அது. நல்ல தண்ணீரும் உப்புத்தண்ணீரும் கலந்த ஆழமில்லாத நீர்ப்பரப்பு சிப்பிக்கு ரொம்பப் பிடிக்கும். ஐரோப்பியர் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்த மக்கள் சிப்பி தின்று ஓட்டைக் குவித்துக்கொண்டே இருந்தார்கள். 1609ல் ஹென்றி ஹட்சனின் கப்பல் வந்தபோது அந்தக் கரை லெனாபே மக்களுடையது. அந்த ஓட்டு மேடுகளை இன்றும் தொல்லியலாளர்கள் தோண்டியெடுக்கிறார்கள். மன்ஹாட்டனின் தென்கோடியில் பேர்ல் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு இருக்கிறது. கரையில் குவிந்து கிடந்த சிப்பி ஓட்டால் வந்த பெயர் என்றுதான் சொல்வார்கள். சுதந்திர தேவி சிலை நிற்கும் தீவுக்கும் குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவுக்கும் பழைய பெயர்கள் பெரிய சிப்பித் தீவு, சின்னச் சிப்பித் தீவு. தின்றது போக மிஞ்சிய ஓட்டைச் சுட்டு, நம் ஊர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு போலவே, வீடு கட்டச் சுண்ணாம்பாக்கினார்கள்.

19ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில் சிப்பி ஏழையின் சாப்பாடு. இதைச் சொன்னால் இன்று நம்பச் சிரமமாக இருக்கும். தெருவண்டியில் நின்றுகொண்டே தின்னலாம். தரைக்குக் கீழே நிலவறைக் கடைகள் இருந்தன. வாசலில் சிவப்புத்துணி போர்த்திய உருண்டை விளக்கு எரிந்தால் அங்கே சிப்பி கிடைக்கும் என்று அர்த்தம். வேறு சில சங்கதிகளும் அங்கே கிடைக்கும் என்பதால் மரியாதைப்பட்டவர்கள் அந்தப் படிக்கட்டில் இறங்க யோசிப்பார்கள். கூலிக்காரரும் இறங்குவார், மாலுமியும் இறங்குவார். ஊருக்குத் தெரியாமல் முதலாளியும் இறங்குவார்.

படகில் போய் அள்ளியது யார், ஓட்டைப் பிளந்து பரிமாறியது யார் என்று பார்த்தால், அதில் பெரும்பங்கு கறுப்பின மக்கள். 1715லேயே நியூயார்க் குடியேற்றம் சிப்பியைக் காப்பாற்ற ஒரு சட்டம் போட்டது. கோடை மாதங்களில் அள்ளக்கூடாது என்றது. கூடவே, அடிமைகள் நகரத்தில் சிப்பி விற்கக்கூடாது என்றும் சொன்னது. விற்றிருந்தால்தானே தடுக்கத் தோன்றும்? இந்தத் தொழிலுக்குப் பெரிய முதல் வேண்டாம். ஒரு படகு, கத்தரிக்கோல் மாதிரி இணைத்த இரண்டு நீண்ட வாரிகள், பனிக்காலக் குளிரில் நாள்முழுக்க அதை இழுக்கும் தோள்கள் போதும். வேறு தொழில்களின் கதவுகள் சாத்தப்பட்டிருந்தவர்களுக்கு இது திறந்திருந்தது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் தாமஸ் டௌனிங். 1791ல் வர்ஜீனியாவின் சின்கோடீக் தீவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். சிப்பி அள்ளுவது அந்தத் தீவில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகும் வேலை. அவர் 1819 வாக்கில் நியூயார்க்குக்கு வந்து படகோட்டிச் சிப்பி அள்ளினார். 1825ல் பிராட் ஸ்ட்ரீட்டில், வங்கிகளுக்கும் பங்குச்சந்தைக்கும் நடுவில், சொந்தக் கடை திறந்தார். இதுவும் நிலவறைதான், ஆனால் சிவப்பு விளக்குக் கடைகள் மாதிரி இல்லை. கம்பளம் விரித்து, நல்ல திரைச்சீலை போட்டு, சரவிளக்கு தொங்கவிட்டிருந்தார். கணவனோடு மனைவியும் வந்து உட்காரலாம் என்ற அளவுக்கு மரியாதை. வங்கிக்காரர்களும் அரசியல்வாதிகளும் அங்கே உட்கார்ந்து பேரம் பேசினார்கள்.

அவருடைய மகன் ஜார்ஜ் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பில் ஒரு தகவல் வருகிறது. டௌனிங் நடுராத்திரியில் தானே படகோட்டிப்போய், துறைமுகத்துக்கு வந்துகொண்டிருக்கும் சிப்பிப் படகுகளை வழியிலேயே மறித்து நல்ல சரக்கை வாங்கிவிடுவாராம். பிறகு கரைக்கு வந்து, ஒன்றும் தெரியாதவர்போல ஏலத்திலும் நின்று, மிச்சச் சரக்குக்கு விலையை ஏற்றிவிடுவாராம். படகுக்காரர்களுக்கும் லாபம், அவருக்கும் நல்ல சிப்பி. எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

1842ல் சார்லஸ் டிக்கன்ஸ் நியூயார்க் வந்தபோது நகரம் அவருக்கு ஒரு பெரிய நடன விருந்து கொடுத்தது. சாப்பாட்டுக்கான பொறுப்பு டௌனிங்கிடம். விக்டோரியா மகாராணிக்குச் சிப்பி அனுப்பி, பதிலுக்கு ஒரு தங்கக் கடிகாரம் பெற்றார். இத்தனைக்கும் அவருடைய விடுதி வெள்ளைக்காரர்களுக்கானது. கறுப்பின மக்கள் அங்கே வேலை செய்யலாம், வாடிக்கையாளராக உட்கார முடியாது. அதே விடுதியின் நிலவறையில், சிப்பிப் பீப்பாய்கள் வைக்கும் இடத்தில், தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளை ஒளித்துவைத்துக் கனடாவுக்கு அனுப்ப அவரும் மகனும் உதவினார்கள். மேலே அடிமைகள் பறித்த பருத்தியை வாங்கி விற்பவர்கள் சிப்பி தின்றுகொண்டிருக்க, கீழே அந்த வயல்களிலிருந்து ஓடி வந்தவர்கள் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்த கட்டடம் அது. இதை யாராவது நாவலில் எழுதினால் ரொம்பச் செயற்கையாக இருக்கிறது என்போம்.

நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827ல்தான் முழுதாக ஒழிந்தது. அதன் பிறகும் கறுப்பின ஆண் ஓட்டுப் போட 250 டாலர் சொத்து வைத்திருக்க வேண்டும். வெள்ளைக்காரருக்கு அந்த நிபந்தனை கிடையாது. டௌனிங் இதை எதிர்த்தும் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டும் வாழ்நாளெல்லாம் போராடினார். அவர்களுக்குக் குடியுரிமையை உறுதிசெய்த சட்டம் 1866 ஏப்ரல் 9 அன்று நிறைவேறியது. மறுநாள் டௌனிங் இறந்தார். அவருக்கு மரியாதையாக நியூயார்க் வர்த்தகச் சபை ஒரு நாள் மூடப்பட்டது. குடிமகனாக ஒரு நாள் வாழ்ந்தார் என்று கணக்குப் போடலாம்.

டௌனிங் ஒரு தனிமனிதர். இந்தத் தொழிலால் ஓர் ஊரே எழுந்து நின்றதும் உண்டு. ஸ்டேட்டன் தீவின் தெற்கில் சாண்டி கிரவுண்ட். மேரிலாந்து மாநிலத்தில் விடுதலைபெற்ற கறுப்பின மக்களுக்கு எதிரான சட்டங்கள் இறுகிக்கொண்டே போனபோது, ஸ்னோ ஹில் என்ற ஊரின் சிப்பிக்காரக் குடும்பங்கள் கிளம்பி இங்கே வந்து குடியேறின. எதிரே ராரிட்டன் விரிகுடா. நியூயார்க்கின் இயற்கைப் படுகைகள் பல அப்போதே அள்ளி அள்ளித் தீர்ந்திருந்தன. அதனால் தெற்கிலிருந்து குஞ்சுச் சிப்பி கொண்டுவந்து இங்கே விதைத்து வளர்ப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த தொழில், தெரிந்த சிப்பி. சொந்த வீடு கட்டினார்கள். 1850ல் தேவாலயச் சபை ஒன்றைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் தென்பாதியில் தங்கள் இனத்தவர் ஏலத்தில் விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், இங்கே தோட்டம் வைத்த வீடுகளில் வாழ்ந்தார்கள்.

அடுத்து வந்த கேட்டுக்கு வில்லன் யாரும் இல்லை என்பதுதான் கஷ்டம். நியூயார்க்கின் கிணறுகள் நாறிப்போயிருந்தன, காலரா வந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1842ல் குரோட்டன் கால்வாய் வழியாக வெகுதூரத்திலிருந்து நல்ல தண்ணீர் நகரத்துக்கு வந்தது. மக்கள் தெருவில் கொண்டாடினார்கள், நியாயமான கொண்டாட்டம்தான். வீட்டுக்கு வந்த தண்ணீர் வெளியே போகவும் வேண்டுமல்லவா? குளியலறை வந்தது, கழிப்பறைக்குள் தண்ணீர் வந்தது, சாக்கடைக் குழாய்கள் வந்தன. அத்தனை குழாய்களும் போய் முடிந்த இடம் ஆறும் துறைமுகமும். வீட்டைக் கழுவித் துறைமுகத்தில் ஊற்றினார்கள். துறைமுகத்தின் அடியில் சிப்பி, வாயைத் திறந்து வடிகட்டிக்கொண்டிருந்தது.

கிருமி என்ற கருத்து மருத்துவர்களுக்கே மெல்லத்தான் பிடிபட்டது. சிப்பியைக் கையும் களவுமாகப் பிடித்தது நியூயார்க்குக்குப் பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில், 1894ல். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அக்டோபர் மாதம் மாணவர் சங்கங்கள் புதுமாணவர்களை வரவேற்று விருந்து வைத்தன. சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு டைஃபாய்டு. நான்கு பேர் இறந்தார்கள். அங்கே உயிரியல் பேராசிரியராக இருந்த ஹெர்பர்ட் கான் தேடத் தொடங்கினார். எல்லாச் சங்கத்து விருந்திலும் நோய் வரவில்லை. வந்த இடங்களுக்கு மட்டும் பொதுவாக இருந்தது ஒரே வியாபாரியிடம் வாங்கிப் பச்சையாகத் தின்ற சிப்பி. அந்தக் காலத்து வியாபாரிகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடலில் அள்ளிய சிப்பியை ஆற்றுமுகத்தில் ஓரிரு நாள் போட்டுவைத்தால், உப்புக் குறைந்த தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பருத்து, பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், நல்ல விலைக்குப் போகும். இந்தச் சிப்பிகளும் அப்படிக் குளிப்பாட்டப்பட்டவைதான். சில நூறு அடி தூரத்தில் ஒரு வீட்டுச் சாக்கடை ஆற்றில் விழுந்தது. அந்த வீட்டில் அப்போது டைஃபாய்டு இருந்தது.

முதல்முறை சிப்பி தின்பவரின் அருவருப்பை நாகரிகம் தெரியாததன் அடையாளமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. அந்தப் புதுமாணவர்களில் யாராவது கூச்சப்பட்டுத் தட்டைத் தள்ளிவைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதற்குள் ஒரு கிளைக்கதை. 1906ல் லாங் ஐலண்டில் ஒரு பணக்காரக் கோடைவீட்டில் ஆறு பேருக்கு டைஃபாய்டு வந்தது. ஊரின் பெயரே ஆய்ஸ்டர் பே, சிப்பி விரிகுடா. விசாரிக்க வந்த ஜார்ஜ் சோப்பர் முதலில் சந்தேகப்பட்டது அங்கே கிடைத்த மட்டிகளை. கடைசியில் கண்டுபிடித்தது அந்த வீட்டில் சமைத்த மேரி மாலன் என்ற ஐரிஷ் பெண்ணை. வரலாறு அவரை 'டைஃபாய்டு மேரி' என்று பெயர்வைத்துத் தீவில் அடைத்தது. இதே சோப்பர்தான் நியூயார்க் துறைமுகத்தின் சாக்கடையை ஆராய்ந்த ஆணையத்துக்கும் தலைவராக இருந்தார். துறைமுகம் கெட்டுப்போயிருப்பதைப் பக்கம் பக்கமாக அளந்து எழுதினார். மேரியை அடைத்துவைக்க முடிந்தது. சாக்கடையை அடைக்க யாராலும் முடியவில்லை.

அடைக்க முடிந்தது சிப்பிப் படுகைகளைத்தான். 1916ல் ஸ்டேட்டன் தீவுப் படுகைகள் தின்னத் தகுதியற்றவை என்று சுகாதாரத்துறை அறிவித்தது. சாண்டி கிரவுண்டின் தொழில் அத்தோடு நின்றது. சாக்கடையைத் துறைமுகத்தில் விட்ட நகரத்துக்குக் குளியலறை மிச்சம். அங்கே படகு வைத்திருந்தவர்கள் கூலிவேலை தேடிப் போனார்கள், வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 1956ல் ஜோசப் மிட்செல் நியூயார்க்கர் இதழில் அந்த ஊரைப் பற்றி எழுதிய கட்டுரையில் நம்மை அழைத்துப்போவது பெரும்பாலும் இடுகாட்டுக்குத்தான்.

சுகாதாரத்துறை செய்தது தப்பு என்று சொல்ல முடியாது. 1924ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களில் ஒரே சமயத்தில் டைஃபாய்டு கிளம்பியது. சுமார் 1,500 பேர் படுத்தார்கள், சுமார் 150 பேர் இறந்தார்கள். பச்சையாகத் தின்ற சிப்பிதான் காரணம் என்று தெரிந்தது. அமெரிக்கா முழுக்க வியாபாரம் படுத்துவிட்டது. 1925 பிப்ரவரியில் அரசு மருத்துவத் தலைமை ஒரு மாநாடு கூட்டியது. வியாபாரிகளே முன்வந்து, எங்களைக் கட்டுப்படுத்துங்கள் என்றார்கள். அதிலிருந்துதான் இன்றைய முறை வந்தது: தண்ணீரைச் சோதித்துச் சான்று தருவது, ஒவ்வொரு மூட்டைக்கும் எங்கே எப்போது அள்ளியது என்று சீட்டுக் கட்டுவது. அமெரிக்க விடுதிகள் இன்றும் அந்தச் சீட்டை 90 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். என் நண்பன் கிண்டல் செய்த பாஸ்போர்ட் அதுதான். 1927ல் நியூயார்க் நகரத்தின் கடைசிச் சிப்பிப் படுகையும் மூடப்பட்டது. சான்று, சீட்டு, பனிக்கட்டி, தூரத்து விரிகுடாவிலிருந்து வண்டிச்சத்தம் என்று எல்லாம் சேர்ந்தபோது, தெருவண்டியில் நின்று தின்றவருக்கு அந்தத் தட்டு எட்டவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2003 டிசம்பரிலிருந்து 2004 ஜனவரித் தொடக்கம்வரை சிங்கப்பூரில் சுமார் 300 பேர் வாந்தி, வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். விருந்துக் காலம், சீனாவிலிருந்து வந்த உறைந்த சிப்பி, பச்சையாகப் பரிமாறியது, நோரோவைரஸ். அது மனிதர் மலத்திலிருந்து தண்ணீருக்குப் போவது. உறையவைத்தாலும் சாகாது. எலுமிச்சை பிழிவதும் மிளகாய்ச் சாறு ஊற்றுவதும் நாக்குக்கு, கிருமிக்கு இல்லை. மருந்து எடுத்துக்கொண்டு நோயெதிர்ப்புக் குறைந்திருப்பவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஓ லுவாக்கோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

நியூயார்க்கில் இப்போது சிப்பியைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். 1972ன் தூய நீர்ச் சட்டத்துக்குப் பிறகும், மன்ஹாட்டன் மேற்குப் பகுதியின் கழிவுநீர் 1986 வரை சுத்திகரிக்காமலேயே ஹட்சனில் விழுந்துகொண்டிருந்தது. அது நின்ற பிறகு தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. 2014ல் தொடங்கிய பில்லியன் ஆய்ஸ்டர் புராஜெக்ட், 2035க்குள் நூறு கோடிச் சிப்பிகளைத் துறைமுகத்தில் சேர்க்கப் பார்க்கிறது. நகரத்து விடுதிகளில் தின்றுபோட்ட ஓடுகளைச் சேகரித்து, வெயிலில் காயவைத்து, அதன்மேல் குஞ்சுச் சிப்பிகளை ஒட்டவைத்துக் கடலில் இறக்குகிறார்கள். எங்கெங்கோ வளர்ந்து வந்த சிப்பிகளின் ஓடுகள் இந்தத் துறைமுகத்தின் அடியில் வீடாகின்றன. கவர்னர்ஸ் தீவில் இருக்கும் துறைமுகப் பள்ளியின் மாணவர்கள் கூண்டுகளை மேலே இழுத்து, ஒவ்வொரு சிப்பியையும் அளவுகோலில் அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரில் விடுகிறார்கள். அவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது, இதைத் தின்னக்கூடாது என்பதை. நகரத்தின் பெரும்பகுதியில் மழைநீருக்கும் சாக்கடைக்கும் இன்னும் ஒரே குழாய்தான். பலத்த மழை பெய்தால் அது நிரம்பி, இரண்டும் கலந்து, துறைமுகத்தில் விழுகிறது.